கணிப்பொறிக் குளிர்ச்சியில் செம்புக் கட்டையின் சரித்திரம்

வீட்டுக் கணிப்பொறியின் மையச் செயலியின்மீது அழுத்திப் பொருத்தப்பட்டு, அதன் உஷ்ணத்தை வாங்கித் தன்னுள் ஓடும் நீரிடம் ஒப்படைக்கும் சிறிய செம்புக் கட்டையை அதைச் செய்பவர்கள் வாட்டர் பிளாக் என்பார்கள். இக்கட்டுரையில் அதனை நீர்க்கட்டை என்றே வழங்குவோம். உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சாதனம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஒரு துளைக்கருவியும் ஒரு வைஸும் தவிர வேறு பெரிய முதலீடு இல்லாத ஆர்வலர்கள் பலர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தத்தம் வீட்டுக் கொட்டகைகளில் இதைத் தாமே குடைந்தெடுத்தார்கள். அவர்கள் கையில் அது அடைந்த வடிவ மாறுதல்களை உஷ்ண சாஸ்திர ஞானத்தின் படிப்படியான வளர்ச்சியாக விவரிக்க இடமுண்டு. ஆயினும் அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. சாஸ்திரம் வெகு முன்னரே தெரிந்திருந்தது. கட்டையின் வடிவத்தை ஒவ்வொரு கட்டத்திலும் நிர்ணயித்தது, பட்டறையில் கைக்கெட்டிய வெட்டுக்கருவியின் அகலமே என்பதுதான் என் அபிப்பிராயம்.

மின்னணுச் சாதனத்தை நீரால் குளிர்விக்கும் வழக்கம் கணிப்பொறிக்கும் மூத்தது. 1920-களிலேயே வானொலி நிலையங்களின் பெரிய ஒலிபரப்பு வால்வுகளில், செம்பாலான நேர்மின்வாயைச் சுற்றி உறையிட்டு அதனுள் நீரை ஓடவிட்டார்கள்; அந்தச் செம்பின்மீது உயர்ந்த மின்னழுத்தம் இருந்தபடியால், மின்சாரம் நீர் வழியே நிலத்துக்குக் கசிந்துவிடாதபடி வாலைவடி நீரையும் நீண்ட குழாய்ச் சுருள்களையும் பயன்படுத்த வேண்டியிருந்தது. இதற்கு மாறாக, 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணிப்பொறி, ஏறத்தாழ 18,000 வால்வுகளும் 150 கிலோவாட் மின்செலவும் கொண்டதாயிருந்தும், காற்றாடிகளாலேயே குளிர்விக்கப்பட்டது. ஒவ்வொரு வால்வும் சூடானதுதான். ஆனால் அவை ஓர் அறை முழுவதும் பரவிக் கிடந்தன. மொத்த உஷ்ணத்தின் அளவு ஒரு பிரச்சினை, அது எவ்வளவு சிறிய இடத்தில் பிறக்கிறது என்பது முற்றிலும் வேறொரு பிரச்சினை. நீரின் தேவையை உண்டாக்கியது இரண்டாவதே.

அந்த நெருக்கடி 1960-களில் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் 360 வரிசையைச் சேர்ந்த மாடல் 91-இல், சுற்றுப்பலகைகளுக்கு இடையே செல்லும் காற்றை வழியிலேயே நீர்க்குழாய்களால் குளிர்வித்தார்கள். நீர் இன்னும் சில்லின் அருகே வரவில்லை. 1980-இன் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081 கணிப்பொறியில்தான் நீர் சில்லின் தலைக்கு மேலேயே வந்து நின்றது. 90 மில்லிமீட்டர் சதுரமான, பல அடுக்குப் பீங்கான் தகடு ஒன்றில் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளைப் பதித்து, ஒவ்வொரு சில்லின் முதுகிலும் சுருள்வில்லால் அழுத்தப்பட்ட ஓர் அலுமினிய பிஸ்டனை நிறுத்தி, உலோகங்களுக்கிடையே எஞ்சும் மயிரிழை இடைவெளிகளில் காற்றைவிட ஆறு மடங்கு நன்றாக உஷ்ணத்தைக் கடத்தும் ஹீலியம் வாயுவை நிரப்பி, அத்தனைக்கும் மேலே குளிர்நீர் ஓடும் தகடொன்றை மூடியாக வைத்த அந்த அமைப்பு, ஏறத்தாழ 300 வாட் உஷ்ணத்தை அகற்றியது. வீட்டு நீர்க்கட்டையின் நேர்மூதாதை அந்த மூடித்தகடே. இவ்வளவு பொறுமையோடு ஒவ்வொரு இடைவெளியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட வேலை பொறியியல் சரித்திரத்தில் அபூர்வம் என்று நான் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டே, 1981-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மேனும் பீஸும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பொருளை உணர, குழாயில் ஓடும் நீரைக் குறித்து ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நீர் எவ்வளவு விரைந்து ஓடினாலும் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் ஏறக்குறைய அசையாமலே நிற்கிறது; நீரோ உஷ்ணத்தைக் கடத்துவதில் செம்பில் அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைந்த திறமை உடையது; ஆகவே உஷ்ணம் செம்பைக் கடந்து வந்துவிட்டாலும் அந்தப் படலத்தைக் கடக்க முடியாமல் வாசலிலேயே தயங்குகிறது. வாய்க்காலைக் குறுக்கினால் படலமும் குறுகும் என்பதுதான் அவ்விருவரின் கருத்து. சிலிக்கான் தகட்டில் 50 மைக்ரோமீட்டர் அகலமும் 300 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால்களை அரித்தெடுத்து, சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் உஷ்ணத்தை, 71 டிகிரி வெப்ப உயர்வுக்குள் அகற்றிக் காட்டினார்கள். வாய்க்கால் எவ்வளவு குறுகலாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1981-லேயே விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடையை எழுதிய கருவி சில்லுத் தொழிற்சாலையின் அரிப்பு முறை. எந்த வீட்டுக் கொட்டகையிலும் அது இல்லை.

1990-களில் பெரிய கணிப்பொறிகள் மின்செலவு குறைந்த சிமாஸ் சில்லுகளுக்கு மாறியபோது நீர் அவற்றிலிருந்து வெளியேறிற்று. அதே தசாப்தத்தின் இறுதியில் அது வீடுகளுக்குள் நுழைந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலி, பலகையின் கடிகாரத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 300-க்குப் பதில் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்ற செய்தி, வேகத்தைத் தம் கையாலேயே கூட்டிப் பார்க்கும் ஆர்வத்தைப் பரவச் செய்தது. 2000-இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் தண்டர்பேர்டு வகை ஆத்லான், 1.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறத்தாழ 72 வாட் உஷ்ணத்தை 120 சதுர மில்லிமீட்டர் சில்லிலிருந்து வெளியிட்டது. சதுர சென்டிமீட்டருக்கு 60 வாட் ஆகிறது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள 1500 வாட் மின்னடுப்பின் தட்டில் அதே பரப்புக்கு 6 வாட்தான். அடுப்பைப்போல் பத்து மடங்கு செறிந்த உஷ்ணத்தைக் காற்றாடியால் அகற்றக் கடும் இரைச்சல் வேண்டியிருந்தது.

ஆகவே ஆர்வலர்கள் மீன்தொட்டி பம்பையும், பழைய கார்களின் உட்புறத்தைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டரையும் தேடிப்போனார்கள். 1977-ஆம் ஆண்டு பாண்டியாக் பானவில் காரின் பாகம் அவர்களிடையே தனிப் பிரசித்தி பெற்றது. இவையெல்லாம் விலைக்குக் கிடைத்தன. கட்டையை மட்டும் பலர் தாமே செய்தார்கள். முதற்கட்டைகளில் சில, செம்புத் தகட்டின்மீது நீர்க்குழாய் மூடியைக் கவிழ்த்துப் பற்றவைத்த வெறும் டப்பாக்கள். வேறு சில, செம்புப் பாளத்தின் பக்கங்களிலிருந்து ஒன்றையொன்று சந்திக்குமாறு நீண்ட துளைகள் இட்டு, வேண்டாத வாய்களைப் பித்தளை மரையாணிகளால் அடைத்தவை. துளைக்கருவி மட்டும் உள்ளவன் வேறு எந்த வடிவத்தை நினைத்திருக்க முடியும்? நீளத் துளையிடும்போது மெல்லிய டிரில் வழிதவறி வளைந்துவிடுமாதலால் தடித்த டிரிலே உபயோகமாயிற்று. அதனால் வாய்க்காலும் அகன்றது.

மில்லிங் எந்திரம் கிடைத்தவர்கள் அடுத்த படிக்கு ஏறினார்கள். பாளத்தின் முகத்தில் வளைந்து வளைந்து செல்லும் ஒற்றை வாய்க்காலை எண்டு மில் என்னும் சுழல் வெட்டுக்கருவியால் குடைந்து, மேலே அக்ரிலிக் மூடியும் ரப்பர் வளையமும் வைத்துத் திருகாணிகளால் இறுக்கினார்கள். டேஞ்சர் டென் நிறுவனம் மேஸ் என்ற பெயரில் விற்ற வரிசையும் இந்த மாதிரியே. எந்திரம் இல்லாத சிலர் துளைக்கருவியிலேயே எண்டு மில்லை மாட்டிப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார்கள். கீழ்நோக்கிய அழுத்தத்துக்கென்றே அமைந்த சக்கு என்னும் அதன் பிடிப்பான், பக்கவாட்டு விசையில் கூம்புப் பிடியிலிருந்து கழன்று விழுவதுண்டு. மேலும் தூய செம்பு வெட்டுவதற்கு இணங்காத உலோகம். அது மென்மையானது, ஆனால் அந்த மென்மையே பகை: உடைந்து உதிராமல் நீளச் சுருளாய் வந்து, கருவியின் பள்ளங்களில் பசைபோல் அப்பிக்கொண்டு, பல்லின் கூர்மையை மறைத்துவிட, அடுத்த கணம் 3 மில்லிமீட்டர் எண்டு மில் பட்டென்று முறிகிறது. கூர்மையான கருவி, கொஞ்சங்கொஞ்சமான ஆழம், தாராளமான வெட்டெண்ணெய், நிற்காத சீரான நகர்வு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் கடைசி வளைவு வரை போய்ச் சேரலாம். பித்தளையின் வெட்டிணக்கத்தை 100 என்று கொண்டால் தூய செம்புக்கு 20 என்று உலோகவியலார் மதிப்பிடுகிறார்கள். அரை சதவீதம் டெல்லூரியம் கலந்த செம்புக்கு அது 85 ஆகிறது, கடத்துதிறனோ சிறிதளவே குறைகிறது. விஷயமறிந்தவர்கள் டெல்லூரியச் செம்பைத் தேடி வாங்கியது இதனால்தான்.

வாய்க்காலைக் குறுக்கத் தடையாயிருந்தது கருவி மட்டும் அன்று என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மீன்தொட்டி பம்பு அழுத்தம் குறைந்தது; குறுகிய வாய்க்காலில் அதன் ஓட்டம் தளர்ந்துவிடும். ஆயினும் ஓட்டத்தின் அளவு பலர் எண்ணியதைப்போல் முதன்மையானதன்று: நிமிஷத்துக்கு 5 லிட்டர் நீர் ஓடும்போது 72 வாட் உஷ்ணம் அந்நீரைச் சூடேற்றுவது டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான். சில்லுக்கும் நீருக்கும் இடையே எஞ்சி நின்ற பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசத்துக்கு நீரின் பற்றாக்குறை காரணமன்று. செம்பின் தடிமனும், சுவரோரப் படலமுமே காரணம்.

2000-களின் ஆரம்ப ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வைட் வாட்டர், கேஸ்கேட் என்னும் இரு கட்டைகள் இந்தப் படலத்தை நேரடியாகத் தாக்கின. முன்னதில், நீர் மேலிருந்து தாரையாகச் சில்லின் நேர்மேலே விழுந்து, குறுகிய வாய்க்கால்கள் வழியே இருபுறமும் பிரிந்தது. பின்னதிலோ, சிறு தாரைகள் பல, செம்பில் துளைத்த சிறு குழிகளுக்குள் தனித்தனியே பாய்ந்தன. கேஸ்கேட் கட்டையை நான் தனியே மதிக்கிறேன்: மெல்லிய வாய்க்கால் வெட்டக் கருவி இல்லாவிட்டாலும், ஆழமற்ற குழியை எந்த டிரிலாலும் இடலாம் என்ற எளிய உண்மை, முதல் தலைமுறையின் துளைக்கருவியை மிக உயர்ந்த பிரயோகத்துக்குத் திருப்பியது. மற்றவர்கள் வட்ட ரம்பத்தை நாடினார்கள். ஒரு மில்லிமீட்டர் ரம்பத்தால் கீறினால் வாய்க்கால் ஒரு மில்லிமீட்டர்.

தொழிற்சாலை இதற்குப் பிறகு வேகமாக முந்தியது. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி5 கணிப்பொறியின் உயர்ந்த மாதிரியைத் திரவக் குளிர்ச்சியோடே விற்றது. 2008-இல் ஐபிஎம் தன் பவர் 575 எந்திரத்தில் செம்புக் குளிர்தகடுகளோடு நீருக்குத் திரும்பியது. கடைக் கட்டைகளில் சீவுமுறை புகுந்தது: மெல்லிய அலகு செம்பை வெட்டி எறியாமல், தோலை உரிப்பதுபோல் சீவி நிமிர்த்தி இதழாக்க, இதழ்களுக்கிடையே கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த வாய்க்கால்கள் உண்டாகின்றன. வீட்டு எந்திரத்தில் இதைச் செய்ய இயலாது. அவ்வளவு மெல்லிய ரம்பமும் செம்பில் ஆழ இறங்கினால் நெளிந்து முறிகிறது.

ஆகவே இன்று வீட்டில் கட்டை குடைபவர், கடையில் கட்டை விற்காத பாகங்களுக்கே அதைச் செய்கிறார்: பழைய கிராஃபிக்ஸ் அட்டை, மின்னழுத்தத்தைச் சீர்படுத்தும் சில்லுகளின் வரிசை, வழக்கத்துக்கு மாறான பலகை. அவர் முதலில் வார்னியரை எடுத்து ஒவ்வொரு பாகத்தின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, அதற்கேற்பச் செம்பின் அடிமுகத்தில் படிகள் வெட்டுகிறார். அங்கே உஷ்ணம் பரவலாகப் பிறப்பதால் நுண்ணிய வாய்க்கால் தேவையில்லை. மேல்முகத்தில் 6 மில்லிமீட்டர் எண்டு மில்லால், பழைய முறைப்படி, ஒற்றை வளைவாய்க்காலே குடைகிறார்.