மறதிநோய் முதற்கட்டச் சோதனைகள்: தமிழ்நாட்டில் சரிபார்ப்பு

முதியவருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கக்கூடுமா என்று சில கேள்விகளால் ஊகித்தறியும் சோதனை, குறிப்பிட்ட மக்களிடம் நம்பத்தக்கதா என்று ஆராய்வதே சரிபார்ப்பு. மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்ன முடிவோடு சோதனையின் மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். நோயாளிகளில் எத்தனை பேரை அது பிடித்தது, நலமாக உள்ளவர்களில் எத்தனை பேரை வீணாகச் சந்தேகித்தது என்ற இரண்டும் கணக்காகும்.

உலகெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் சோதனையை ஃபோல்ஸ்டீன் குழு 1975இல் வெளியிட்டது. 100இலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவரிடம் இது நினைவாற்றலைவிடப் படிப்பையே அளக்கிறது. சேலம் சூரமங்கலம் உழவர் சந்தையில் மனக்கணக்காகவே சில்லறை கொடுக்கும் பாட்டி, ஆங்கிலத் தேதி கேட்டால் தடுமாறலாம். கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகை எப்போது என்று கேட்டால் தடுமாற மாட்டார். ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறியாதவர்களுக்கென இந்திச் சோதனை உருவானது இதனால்தான்.

1998இல் தொடங்கிய 10/66 ஆய்வுக்குழு, பெரிய அளவில் இதற்கு வழி தேடியது. மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதல்ல என்பதே பெயரின் பொருள். பத்துச் சொற்களை மூன்று முறை வாசித்துக் காட்டி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். வீட்டாரையும் தனியே விசாரிப்பார்கள். 25 மையங்களில் நடந்த சரிபார்ப்பின் முடிவு 2003இல் வந்தது: நோயாளிகளில் 94 விழுக்காட்டினரை அது கண்டறிந்தது. படிப்புக் குறைந்தவர்களில் 6 விழுக்காட்டினரே தவறாகச் சிக்கினர்.

சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வேறு சில நாடுகளிலும் இதே முறையில் கணக்கெடுப்பு நடந்தது. 2008இல் வெளியான முடிவுதான் இத்துறையில் மிக முக்கியமானது. அமெரிக்க மனநல வரையறைப்படி இந்தியக் கிராமப்புற முதியோரில் நோய் 0.3 விழுக்காடு மட்டுமே. 10/66 முறையில் எந்த நாட்டிலும் 5.6 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. “வயசானா அப்படித்தான்” என்று வீட்டார் சொல்லிவிடும்போது, அன்றாடச் செயல்கள் குன்றியதற்குச் சாட்சி கேட்கும் வரையறை நோயாளியைத் தவறவிடுகிறது. சென்னையில் கண்டறியப்பட்டவர்களை மூன்றாண்டுக்குப் பின் மீண்டும் பார்த்த ஆய்வு, 10/66 முறைக்கே வலுச்சேர்த்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு, கணியம்பாடி வட்டார முதியோரை ஆராய்ந்து, முதியவருக்கும் வீட்டாருக்கும் தனித்தனியான ‘வேலூர்’ சோதனைகளை 2009இல் வெளியிட்டது.

குறைந்த மதிப்பெண் நோய்த் தீர்ப்பு அல்ல. 2003 ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்களில் 15 விழுக்காட்டினர் மறதிநோயாளிகளாகத் தவறாகக் காட்டப்பட்டனர். காது மந்தம், கண்புரை, தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கக்கூடும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு என்பதால் முதலில் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.