இடித்த தெருவில் ஆடிய ஆட்டம்

1960 கோடைக்காலம். நியூயார்க் நகரத்தின் மேற்குப் பக்கத்தில், அறுபதுகளில் எண்ணிட்ட தெருக்களில் ஒன்று. பையன்கள் சிலர் விரலைச் சொடுக்கிக்கொண்டே வருகிறார்கள். நடை கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டமாக மாறுகிறது. பின்னால் செங்கல் வீடுகள். வீடுகளில் ஆள் கிடையாது. குடியிருந்தவர்களைக் காலிபண்ண வைத்தாகிவிட்டது. இடிக்கிற இயந்திரம் வரவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஹாலிவுட் வந்து கேமராவை வைத்துவிட்டது.

1961இல் வெளியாகிப் பத்து ஆஸ்கார்களை அள்ளிய ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’யின் முதல் காட்சிகள் இப்படித்தான் எடுக்கப்பட்டன. ரோமியோ ஜூலியட் கதைதான். இரண்டு குடும்பங்களுக்குப் பதில் இரண்டு தெருக் கும்பல்கள்: வெள்ளைப் பையன்களின் ‘ஜெட்ஸ்’, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களின் ‘ஷார்க்ஸ்’. அந்தப் பக்கத்து டோனிக்கும் இந்தப் பக்கத்து மரியாவுக்கும் காதல். கும்பல்கள் மோதிக்கொள்வது ஒரு தெருவுக்காக. யாருக்கு அந்தத் தெரு சொந்தம் என்பதுதான் கேள்வி. படம் சொல்லாமல் விட்ட பதில் என்னவென்றால், இரண்டு பேருக்குமே சொந்தமில்லை. அரசாங்கம் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

1949இன் வீட்டுவசதிச் சட்டம் ‘சேரி ஒழிப்பு’க்காகப் பணத்தை ஒதுக்கியது. நியூயார்க்கில் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் ராபர்ட் மோசஸ். சான் யுவான் ஹில், லிங்கன் ஸ்கொயர் பகுதிகள் சேரி என்று அறிவிக்கப்பட்டன. 7000க்கும் மேற்பட்ட குடும்பங்கள், சுமார் 800 கடைகளும் தொழில்களும் வெளியேற்றப்பட்டன. அந்த இடத்தில் எழுந்ததுதான் லிங்கன் சென்டர் என்கிற மாபெரும் கலை வளாகம். 1959 மே 14ஆம் தேதி ஜனாதிபதி ஐசனோவர் முதல் மண்ணை வெட்டினார். அந்த விழாவில் நியூயார்க் பில்ஹார்மோனிக்கை நடத்தியவர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன். அதாவது ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’க்கு இசையமைத்தவர். வாசித்தது என்ன தெரியுமா? ஆரன் கோப்லண்டின் ‘சாமானிய மனிதனுக்கான முழக்கம்’. சாமானியர்களைத் துரத்திவிட்டு அவர்களுடைய மண்மேல் நின்று அவர்களுக்காக ஒரு முழக்கம்! 1962இல் அவருடைய இசைக்குழு அங்கே கட்டிய புது அரங்கத்துக்குக் குடிபோனது.

இதை வைத்துக்கொண்டு பெர்ன்ஸ்டைனை ஒரு வில்லனாக்கிக் காட்டுவது நம் நோக்கமில்லை. மேடைப் பிரதியை 1957இல் உருவாக்கிய நான்கு பேரும் (பெர்ன்ஸ்டைன், ஆர்தர் லாரன்ட்ஸ், ஜெரோம் ராபின்ஸ், ஸ்டீஃபன் சோன்ட்ஹைம்) யூதர்கள். ஆண்களை நேசித்த ஆண்கள். மெக்கார்த்தி காலத்து வேட்டை அவர்களையும் தொட்டிருந்தது. லாரன்ட்ஸ் கருப்புப் பட்டியலில் இருந்தார். ராபின்ஸ் 1953இல் விசாரணைக் குழு முன்னால் உட்கார்ந்து தன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தார். காட்டிக்கொடுக்காத கும்பல் விசுவாசத்தை ஆட்டமாக வடித்தவர் அதே ராபின்ஸ்தான் என்பதை மறக்க முடிவதில்லை. 1949இல் இவர்கள் யோசித்தது யூதர்-கத்தோலிக்கர் கதை. அது பழசாகப் போய், 1955வாக்கில் பத்திரிகைகளில் கும்பல் சண்டைகளைப் பற்றிப் படித்தபிறகுதான் போர்ட்டோ ரிக்கர்கள் உள்ளே வந்தார்கள். தனக்கு ஒரு போர்ட்டோ ரிக்கரையும் தெரியாதே என்று சோன்ட்ஹைம் முதலில் தயங்கியிருக்கிறார். தன் வலியைச் சொல்ல இன்னொருத்தர் முகத்தைக் கடன் வாங்கினார்கள். சொந்தக்காரரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடன் வாங்கிய முகத்துக்கு 1961 படத்தில் சாயமும் பூசினார்கள். மரியாவாக நடித்த நடாலி வுட் ரஷ்யக் குடியேறிகளின் மகள். பெர்னார்டோவாக நடித்த ஜார்ஜ் சக்கிரிஸ் கிரேக்க வம்சாவளி. ‘ஷார்க்ஸ்’ அத்தனை பேருக்கும் ஒரே பழுப்பு. உண்மையிலேயே போர்ட்டோ ரிக்கோவில், உமகாவோவில் பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும் அதே பழுப்புதான்! எங்கள் ஊரில் எல்லா நிறத்திலும் ஆட்கள் இருக்கிறார்களே என்று அவர் கேட்டதற்கு, நீ என்ன நிறவெறிக்காரியா என்று ஒப்பனைக்காரர் திருப்பிக் கேட்டதாக மொரேனோ பலமுறை சொல்லியிருக்கிறார். போர்ட்டோ ரிக்கப் பெண்ணே போர்ட்டோ ரிக்கப் பெண்ணாகத் தெரிய வேஷம் கட்டவேண்டியிருந்தது. ‘பிறன்’ எப்படித் தயாரிக்கப்படுகிறான் என்று கோட்பாட்டில் நாம் பக்கம் பக்கமாக எழுதுவது இங்கே ஒரு பூச்சு டப்பாவுக்குள் இருக்கிறது. மரியாவின் பாட்டுகளை மார்னி நிக்ஸன் பாடினார். மொரேனோவின் பாட்டு ஒன்றுக்கும் வேறொருவர் குரல் கொடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆட்டம் இன்றைக்கும் உடம்பைத் தூக்கிவிடுகிறது. மொட்டைமாடியில் ‘அமெரிக்கா’ பாட்டு வரும்போது நான் விமர்சகன் என்பதே மறந்துபோகிறது. அந்தப் பாட்டு மேடையிலிருந்து திரைக்கு வந்தபோதே திருத்தப்பட்டது. மேடையில் பெண்கள் மட்டும் பாடினார்கள். பிறந்த தீவைக் கேலிசெய்தார்கள். தீவை நோய்க்காடாகக் காட்டுகிற வரிகளுக்கு ‘லா பிரென்சா’ என்கிற ஸ்பானியப் பத்திரிகையிலிருந்து எதிர்ப்பு வந்தது. திரையில் ஆண்கள் எதிர்ப்பாட்டுப் பாடினார்கள்: வெள்ளையனாக இருந்தால்தான் இந்த நாட்டில் எல்லாம் என்று. ஆக ‘பழசு குருடு, புதுசுக்குத்தான் கண் திறந்தது’ என்கிற கதை சரியில்லை.

2021இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இதை மறுபடி எடுத்தார். எழுத்து டோனி குஷ்னர். தொடக்கமே இடிபாடு. உடைந்த சுவர்கள், இடிப்புக் குண்டு, லிங்கன் சென்டர் வரப்போகிறது என்கிற விளம்பரப் பலகை. பழைய படம் நின்றுகொண்டிருந்தும் பார்க்காத மண்ணைப் புதுப்படம் கேமராவை இறக்கிக் காட்டுகிறது. ஜெட்ஸ் பையன்கள் பெயிண்ட் டப்பாக்களோடு கிளம்பிப்போய்ச் சுவரில் வரைந்திருக்கும் போர்ட்டோ ரிக்கோ கொடியை அசிங்கப்படுத்துகிறார்கள். ஷார்க்ஸ் ‘லா போரிங்கேன்யா’வின் புரட்சி வடிவத்தைப் பாடிக்கொண்டே போகிறார்கள். இது அலங்காரமில்லை. 1948இல் தீவில் வந்த 53ஆம் எண் சட்டம், மக்கள் ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ என்று சொன்னது, அந்தக் கொடியைக் காட்டுவதையும் விடுதலைப் பாட்டுப் பாடுவதையும் குற்றமாக்கியது. நீக்கப்பட்டது 1957இல். அதே வருஷம்தான் பிராட்வேயில் நாடகம் அரங்கேறியது. ஐம்பதுகளில் மட்டும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தீவைவிட்டு அமெரிக்காவுக்கு வந்தார்கள். கரும்பை விட்டுத் தொழிற்சாலைக்கு மாறுகிற ‘வளர்ச்சி’த் திட்டம் அவர்களுக்கு வேலை வைக்கவில்லை. இதையெல்லாம் மேடையும் பழைய படமும் சொன்னதே இல்லை.

ஸ்பானிய வசனங்களுக்கு ஆங்கில எழுத்து கிடையாது. புரியாதவன் புரியாமல் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஷார்க்ஸாக லத்தீன் வம்சாவளியினரே நடித்தார்கள். எனிபடீஸ் பாத்திரத்தை ஒரு திருநராகவே காட்டினார்கள். அதனால் சில வளைகுடா நாடுகளில் படம் வெளியாகவில்லை.

மொரேனோ திரும்ப வருகிறார். இம்முறை அனிட்டாவாக இல்லை. பழைய படத்தில் டாக் என்கிற வெள்ளைக் கடைக்காரர் இருப்பார். அவருடைய விதவையாக, வாலன்டினாவாக வருகிறார், வயது தொண்ணூறை நெருங்கும்போது. 1961இல் அனிட்டாவை ஜெட்ஸ் பையன்கள் கடைக்குள் சூழ்ந்துகொண்டு வன்புணர முயலும் காட்சியில் நடித்தபோது தாங்காமல் அழுதுவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் தெருவில் கேட்ட வசவுகள் எல்லாம் திரும்பி வந்தனவாம். அறுபது வருஷம் கழித்து அதே காட்சி. இப்போது அனிட்டா அரியானா டிபோஸ், கருப்பும் போர்ட்டோ ரிக்கோவும் கலந்த உடம்பு. ஜெட்ஸின் பெண்களே தடுக்கப்பார்த்து வெளியே தள்ளப்படுகிறார்கள். உள்ளே நுழைந்து நிறுத்துகிற கிழவி, தன் முன்னால் வளர்ந்த பையன்களைப் பார்த்து அந்தச் செயலின் பெயரைச் சொல்லியே அழைக்கிறாள். ‘அமெரிக்கா’ பாட்டில் அந்த நாட்டுக்காக வாதாடிய அனிட்டா, நான் அமெரிக்கக்காரி இல்லை, போர்ட்டோ ரிக்கக்காரி என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு மிஞ்சுவது இந்தக் காட்சிதான். ஒரு நடிகையின் வாழ்க்கை ஒரு பிரதிக்குள் புகுந்து அதைப் பிளந்துவிட்டது. ‘சம்வேர்’ பாட்டைக் காதலர்களிடமிருந்து பிடுங்கி அவருக்குக் கொடுத்ததும் சரிதான். எங்கோ ஓர் இடம் இருக்கிறது என்று சின்னஞ்சிறுசுகள் பாடினால் கனவு. வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் முழுசாகச் சேராமல் வாழ்ந்து முடித்த கிழவி பாடினால் கேட்கிறவனுக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆனாலும் எனக்கு ஓர் இடத்தில் இடிக்கிறது. புதுப்படத்தில் இடிப்பு கதைக்குப் பின்னணி மட்டும்தான். மழை மாதிரி, விதி மாதிரி வருகிறது. நிஜத்தில் அங்கிருந்தவர்கள் சும்மா காலிசெய்துவிட்டுப் போகவில்லை. கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், வழக்குப் போட்டுத் தோற்றார்கள். கதையை நகர்த்துகிற ஒரு பாத்திரம்கூட அந்த எதிர்ப்பிலிருந்து பிறக்கவில்லை. அடித்துக்கொண்டு சாக மட்டுமே தெரிந்தவர்களாகத்தான் ஏழைகள் இரண்டு படத்திலும் வருகிறார்கள். ஷேக்ஸ்பியர் சட்டகத்துக்குள் வேறு வழியில்லை என்பார்கள். அந்தச் சட்டகம்தான் வேண்டும் என்று யார் கேட்டது?

இன்னொன்று. சான் யுவான் ஹில் முதலில் கருப்பின மக்களின் பேட்டை. தெலோனியஸ் மாங்க் வளர்ந்தது அங்கேதான். பெர்ன்ஸ்டைனின் இசை முழுக்க ஜாஸ் ஓடுகிறது. ஜாஸ்காரன் வாழ்ந்த தெருவில் ஜாஸ்காரன் இல்லை. பழைய படத்திலும் இல்லை. அவ்வளவு திருத்தங்கள் செய்த புதுப்படத்திலும் மோதலுக்குள் அவனுக்கென்று ஓர் இடம் இல்லை.

ஸ்பீல்பெர்க் 1957ஐக் காட்ட நியூஜெர்சியின் பேட்டர்சனுக்கும் புரூக்ளினுக்கும் போகவேண்டியிருந்தது. அசல் தெரு இல்லையே. இடிபாட்டைக்கூடச் செய்துதான் எடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் லிங்கன் சென்டர் தன் அரங்கத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது, எட்டியென் சார்ல்ஸ் எழுதிய ‘சான் யுவான் ஹில்’ என்கிற இசைப்படைப்பை முதல் நிகழ்ச்சிகளில் ஒன்றாக வாசிக்க வைத்தது. துரத்தப்பட்டவர்களின் கதை, துரத்திய இடத்தில், டிக்கெட்டோடு.

அதனால்தான் பழைய படத்தை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஆடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பின்னால் இருக்கிற சுவர்களை, ஜன்னல்களை, வாசற்படிகளைப் பாருங்கள். படம் எடுத்தவர்களுக்கு அது வெறும் செட். அந்தத் தெருவிலிருந்து போனவர்களுக்கு, தங்கள் வீட்டைக் கடைசியாகப் பார்க்கிற படம் அது.