ஏட்டில் ஏறாத காயம்

மாமல்லபுரத்தினின்று கடலோரமாகத் தெற்கே சென்றால், சதுரங்கப்பட்டினத்தை அடுத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைக் காணலாம். செங்கற்பட்டு வட்டாரத்தார் பலருக்கு அது பிழைப்பளிக்கும் இடம். அங்கே கதிர்வீச்சுப் பகுதியில் பணிபுரிவோர் மார்பில் சிறு வில்லை ஒன்றை அணிவர். உடல் ஏற்ற கதிர்வீச்சை அது அளந்து காட்டும். அந்த அளவு அவரவர் பெயரில் பதிவாகும். 2003 ஜனவரியில் அங்குள்ள மறுபதப்படுத்தும் ஆலையில் ஊழியர் அறுவர் ஆண்டு வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். செய்தி வெளிவரப் பல மாதங்கள் ஆயின. எனினும் எவர், எவ்வளவு என்பதற்குப் பதிவு இருந்தது.

அத்தகைய பதிவு எதுவுமின்றி மறைந்துபோன நம் நாட்டவரும் உளர். 1930களில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக, இன்று பாகிஸ்தானிலுள்ள இராவல்பிண்டியில், பிரிட்டனின் போர்ட்டன் டௌன் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் இந்தியச் சிப்பாய்கள் மீது கடுகு வாயு என்னும் நச்சைச் சோதித்தனர். வெள்ளையர் தோலைவிட இந்தியர் தோல் அதிகம் வேகுமா என்பதை அறிவதும் சோதனையின் நோக்கங்களுள் ஒன்று. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானோர். சிலர் கடும் தீப்புண்களோடு மருத்துவமனையில் கிடந்தனர். பிற்காலத்தில் அவர்கள் உடல்நலம் என்னவாயிற்று என்று எவரும் தொடர்ந்து பார்க்கவில்லை. உலகம் இதை விரிவாக அறிந்தது 2007இல்தான்.

தந்தை ஏற்ற நஞ்சு பிள்ளையைத் தொடுமா? சிப்பாய்கள் வெந்துகொண்டிருந்த அதே காலத்தில், எடின்பரோவில் சார்லட் ஆவர்பாக், ஜே.எம். ராப்சன் இருவரும் கடுகு வாயு பழ ஈக்களின் மரபணுக்களை மாற்றி, அம்மாற்றம் அவற்றின் சந்ததிக்கும் செல்வதைக் கண்டனர். போர்க்கால இரகசியத்தால் அம்முடிவு 1946 வரை வெளிவரவில்லை. ஆனால் ஈக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று உடனே துணிதல் ஆகாது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களுக்குப் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பிறவிக் குறைகள் தெளிவாக மிகுந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆறுதலைச் சொல்ல முடிந்ததும் பதிவு இருந்தமையாலேயே.

அமெரிக்கா வியட்நாமியக் காடுகள்மேல் 1962 முதல் 1971 வரை களைக்கொல்லி நஞ்சைத் தெளித்தது. அங்குப் பணிபுரிந்த தன் வீரர்களுக்கு முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்க 1996இல் சட்டம் செய்தது. ஐயமறுந்த சான்று கிடைக்கும்வரை அச்சட்டம் காத்திருக்கவில்லை. தந்தை அங்குப் பணிபுரிந்தார் என்பதற்குப் படையின் ஆவணமே சாட்சியாயிற்று.

இராவல்பிண்டிச் சிப்பாயின் பேரனுக்கு அத்தகைய சாட்சி எங்கே? தன் நோய்க்கும் பாட்டனாரின் புண்ணுக்கும் தொடர்பு உண்டென்று அவன் நிறுவவும் இயலாது. இல்லையென்று மனம் தேறவும் இயலாது. ஆகவே, உழைப்பவன் உடல் ஏற்றதை உள்ளபடி எழுதிக் காத்து, அவனுக்கும் அவன் மக்களுக்கும் மறைக்காது காட்டுவது அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கல்பாக்கத்து வில்லையின் அளவும் அவ்வாறே காக்கப்பட வேண்டும்.