லோகோ

லோகோ என்பது பள்ளிச் சிறுவர்கள் நிரல் எழுதிப் பழகுவதன் வழியே கணிதத்தையும் முறைப்படி சிந்திப்பதையும் கற்பதற்காக 1967-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான கணினி மொழி. சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவர்கள். லிஸ்ப் மொழியின் வழிவந்தது.

இதன் அடையாளம் ‘ஆமை’. தொடக்கத்தில் அது தரையில் ஊர்ந்து பேனாவால் கோடிழுத்த எந்திரம். பின்னர் திரையில் நகரும் குறியாயிற்று. ‘100 அலகு முன்னே செல், 90 பாகை வலப்புறம் திரும்பு’ என்பதை நான்கு முறை கட்டளையிட்டால் சதுரம் கிடைக்கும். சமபக்க முக்கோணத்துக்கு 60 பாகை கொடுத்தாலோ ஆமை அறுகோணத்தை நோக்கிப் போய்விடும். மாணவர் தாமே ஆமையாக நடந்து பார்க்கும்போது, திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பது புலப்படும். பிழையைத் தண்டிக்காமல் ஆராய்ந்து திருத்தச் செய்யும் இந்த அணுகுமுறையே லோகோவின் தலையாய கொடை.

ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் பணியாற்றிய பேப்பர்ட், இதன் கல்விக் கொள்கையை 1980-இல் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் விளக்கினார். சிக்கல்களைக் கணினி தீர்க்கத்தக்க வகையில் வகுத்துச் சிந்திப்பதைக் குறிக்கும் ‘கணிமைச் சிந்தனை’ என்ற தொடர் அந்நூலிலேயே உண்டு. எனினும் 2006-இல் கணினி அறிவியலாளர் ஜானெட் விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகே அத்தொடர் பரவலாயிற்று. 2007-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற சிறுவர் நிரல்மொழியும் லோகோ மரபில் வந்தது.