கேபிள் புதைக்கும் கருவிகள் (தேற்றாத்தீவு மணல் நிலம்)

மட்டக்களப்பு – கல்முனை வீதியில், வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான ஊர் தேற்றாத்தீவு. இத்தகைய நிலத்தில் மெல்லிய கேபிளுக்கு அதிர்வுக் கலப்பையே சிறந்தது: அதன் அலகு மண்ணைப் பிளந்தபடியே கேபிளை உள்ளே இறக்கிவிடும், குழி திறந்து கிடக்காததால் சரிவுமில்லை. சங்கிலியால் குழி வெட்டும் இயந்திரம் ஆழமாக வெட்டும். ஆனால் மணல் அதன் பற்களையும் சங்கிலியையும் அரம்போல் தேய்த்துவிடும். ஆகவே சங்கிலியின் தொய்வை அன்றாடம் பார்க்க வேண்டும். தேய்ந்த பற்சக்கரத்தில் புதுச் சங்கிலி மாட்டுவது வீண்செலவு. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உப்புக்காற்றுப் படும் இடமாதலால், வேலை முடிந்ததும் கருவிகளை நன்னீரில் கழுவி, உலர்த்தி, கிரீஸ் இடுவது அவசியம். வடகீழ்ப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலெழும். அதற்கு முந்திய மாதங்களே வேலைக்கு ஏற்றவை. பழைய கேபிள், குழாய் அருகே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மண்வெட்டியால் மெல்லத் தோண்டுக.