ஆஃப்செட் பிழையும் அதைக் குறைத்த வரலாறும்

ஆஃப்செட் பிழை என்பது, உள்ளீட்டில் எதுவும் இல்லாதபோதும் ஒரு மின்னணுச் சுற்று காட்டும் பொய்யான சிறு மின்னழுத்தம் ஆகும். அனலாக் சிக்னலைப் பெருக்கி எண்ணாக மாற்றும் சில்லுகள் எல்லாவற்றிலும் இது உண்டு. பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவருக்கு இது புதிதல்ல. இரு முகங்களையும் தொடவைத்தாலும் தலைக்கோலின் சுழி பல நேரம் கோட்டில் வந்து நிற்காது. அந்தச் சுழிப்பிழையைக் குறித்துக்கொண்டு, பிறகு அளவீட்டிலிருந்து கழிப்போம். ஆனால் திருகு அளவியின் பிழை வகுப்பு முடியும்வரை மாறாமல் இருக்கும். சுற்றின் பிழையோ வெப்பநிலையோடும் காலத்தோடும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

பெருக்கியின் நுழைவாயிலில் உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களும் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை என்பதே இதற்கு முதன்மைக் காரணம். சில மில்லிவோல்ட் பெரிதா என்று கேட்கலாம். உலையின் வெப்பத்தை அளக்கும் கே வகை வெப்ப மின்னிரட்டை ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் மட்டுமே தருகிறது. 5 மில்லிவோல்ட் ஆஃப்செட் இருந்தால் காட்டும் வெப்பநிலை 120 டிகிரிக்கு மேல் தவறிவிடும். இந்த அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

வால்வுக் காலம்

1940களின் அனலாக் கணினிகளில் இப்பிழை பெருந்தொல்லையாக இருந்தது. தொகையிடும் சுற்றில் சிறு பிழைகூட விநாடிக்கு விநாடி சேர்ந்து வளரும். சற்று நேரத்தில் விடையே கெட்டுவிடும். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த எட்வின் கோல்ட்பெர்க் 1949இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். முதன்மைப் பெருக்கியின் நுழைவாயிலில் தங்கும் சிறு நேர்மின்னழுத்தத்தை, அதிரும் ஒரு தொடர்பியால் வெட்டி வெட்டி மாறுமின்னழுத்தமாக்கினார். மாறுமின்னழுத்தப் பெருக்கியில் மின்தேக்கி நேர்மின்னழுத்தத்தைத் தடுத்துவிடுவதால், அதன் சொந்த ஆஃப்செட் வெளியே வராது. அப்படிப் பெருக்கியதை மீண்டும் நேராக்கி, முதன்மைப் பெருக்கிக்குத் திருத்தமாகக் கொடுத்தார். 'சாப்பர்' முறை என்று பெயர் பெற்ற இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அசையும் உறுப்பு தேயும், இடத்தையும் அடைக்கும்.

சில்லுக்குள் வந்த பிறகு

ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் 1965இல் உருவாக்கிய 709, அதே நிறுவனத்தில் 1968இல் வந்த 741 ஆகிய பெருக்கிகள் மலிவாகக் கிடைத்தன. ஆஃப்செட்டோ சில மில்லிவோல்ட் வரை இருக்கலாம். 741இல் 1, 5 ஆம் கால்களுக்கிடையே 10 கிலோ ஓம் மாறுமின்தடை ஒன்றை வைத்து, திருகாணியைத் திருப்பிச் சுழிக்குக் கொண்டுவருவார்கள். பாலிடெக்னிக்கில் படித்த பலருக்கும் அந்தத் திருகல் நினைவிருக்கும். காலையில் சரிசெய்தது அறை சூடேறிய மதியத்தில் சரியாக இருக்காது.

ஜார்ஜ் எர்டி அடுத்த அடியை எடுத்தார். 1969இல் வந்த 725 பெருக்கியில், நுழைவாயிலின் இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குப் பதில் நான்கை வைத்து மூலைவிட்டமாக இணைத்தார். சில்லின் ஒரு பக்கம் சூடானாலும் இரு தரப்பையும் அது சமமாகத் தாக்கும். பின்னர் பிரிசிஷன் மோனோலித்திக்ஸ் நிறுவனத்தில் அவர் அமைத்த ஓ.பி.-07 சில்லில், தயாரிப்பின்போதே ஆஃப்செட்டை அளந்து, தேவையான ஜீனர் டையோடுகளை மின்துடிப்பால் குறுக்கிணைத்துத் திருத்தினார்கள். அதன் ஈ தரத்தில் அறை வெப்பநிலையில் உச்ச ஆஃப்செட் 75 மைக்ரோவோல்ட். நமது உலைக் கணக்கில் ஏறக்குறைய 2 டிகிரி.

எர்டியின் கட்டுரை வெளியான அதே 1975 டிசம்பர் ஆய்விதழில், பெர்க்லியின் மெக்ரியரி, கிரே இருவரும் மாஸ் டிரான்சிஸ்டர்களையும் மின்தேக்கி வரிசையையும் கொண்டு அனலாக்-டிஜிட்டல் மாற்றி அமைப்பதைக் காட்டினர். இது தற்செயல்தான், ஆயினும் இரண்டு பாதைகள் அந்த ஓரிதழில் சந்தித்தன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மாஸ் டிரான்சிஸ்டர்கள் ஒத்திருப்பதில் இருமுனை டிரான்சிஸ்டர்களைவிட மோசம். ஆனால் அவை நல்ல சுவிட்சுகள். பக்கத்திலுள்ள மின்தேக்கியில் ஒரு பிழையைச் சற்று நேரம் சேமித்து வைக்கவும் முடியும். எனவே பிழையை ஒழிக்க முயலாமல், ஒவ்வொரு முறையும் அளந்து கழிப்பது எளிதாயிற்று.

இன்டர்சில் நிறுவனத்தின் ஐ.சி.எல். 7106 சில்லு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் இதயம் அது. ஒவ்வோர் அளவீட்டிலும் முதலில் உள்ளீட்டைத் துண்டித்து, உட்புறத்தைக் குறுக்கிணைத்து, தன் ஆஃப்செட்டை ஒரு மின்தேக்கியில் ஏற்றிக்கொள்கிறது. பிறகே உள்ளீட்டை 1000 கடிகாரத் துடிப்பு எண்ணிக்கை நேரம் தொகையிட்டு அளக்கிறது. திருகு அளவியில் நாம் செய்ததை இது விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை செய்கிறது.

1980களின் தொடக்கத்தில் வந்த ஐ.சி.எல். 7650இல் இரண்டு பெருக்கிகள் உள்ளன. ஒன்று இடைவிடாமல் வேலை செய்யும்; மற்றொன்று தன்னையும் முதலாவதையும் மாறிமாறித் திருத்தும். கோல்ட்பெர்க்கின் எண்ணமே அசையும் உறுப்பு இல்லாமல் திரும்பி வந்தது எனலாம். உச்ச ஆஃப்செட் 5 மைக்ரோவோல்ட், அதாவது சுமார் 0.12 டிகிரி.

இதற்கும் விலை உண்டு. சுவிட்ச் அணையும்போது சிறிது மின்னூட்டம் மின்தேக்கியில் கசிந்து புதுப் பிழையாகிறது. தானியங்கிச் சுழித்திருத்தம் உயர் அதிர்வெண் இரைச்சலைக் கீழே மடித்துக் கொண்டுவருகிறது. சாப்பர் முறையில் இது குறைவு, ஆனால் வெட்டும் அதிர்வெண்ணில் ஒரு சிற்றலை எஞ்சும். என்ஸ், டெமெஸ் ஆகியோர் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இவ்விரு முறைகளையும் விரிவாக ஒப்பிடுகிறது.

இவ்வளவு குறைந்த பிறகு பிழை சில்லுக்கு வெளியே தென்படுகிறது. சில சில்லுகளின் கோவார் உலோகக் கால் செம்புத் தடத்தோடு சேரும் இடமே ஒரு வெப்ப மின்னிரட்டை. டிகிரிக்குச் சுமார் 35 மைக்ரோவோல்ட் தரும். இரண்டு கால்களுக்கிடையே 0.15 டிகிரி வேறுபாடு இருந்தாலே 5 மைக்ரோவோல்ட் தாண்டிவிடும். அதனால்தான் இத்தகைய சுற்றுகளில் உள்ளீட்டுக் கால்களைச் சூடாகும் உறுப்புகளிலிருந்து விலக்கி வைத்து, மேலே மூடியிட்டுக் காற்றுப் படாமல் காக்கிறார்கள்.