ஒரு தொகுதி, இரண்டு எம்.எல்.ஏ.

எங்கள் கள்ளக்குறிச்சி இன்று தனித் தொகுதி. 1952-இல் கதை வேறு. அப்போதைய சென்னை மாநிலத்தில் 375 இடங்கள், தொகுதிகளோ 309 தான். 66 தொகுதிகளில் இரண்டு எம்.எல்.ஏ.க்கள், ஒன்று பொது இடம், மற்றது தாழ்த்தப்பட்டோருக்கு (நான்கில் மட்டும் பழங்குடியினருக்கு). வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது.

சிக்கல் 1957-இல் வந்தது. ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில், பின்னாளில் ஜனாதிபதியான வி.வி.கிரி பழங்குடி வேட்பாளர் சூரி தோராவிடம் சொற்ப ஓட்டில் தோற்றார். அதுவும் பொது இடத்தில்! இரண்டு இடமும் பழங்குடியினருக்கே போயின. கிரி வழக்குப் போட்டார். 1959-இல் உச்ச நீதிமன்றம் தோராவின் வெற்றி செல்லும் என்றது. பொது இடம் எல்லோருக்கும்தானே?

1961-இல் சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துவிட்டார்கள்.